விஜயராணிக்கு வராத எச்சரிக்கை

விஜயராணி அக்காவுக்கு மெமோ வந்த புதன்கிழமை, அதை என்னிடம்தான் நீட்டினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் புரிந்துவிடக் கூடாது என்று இரண்டாவது ஆளிடம் காட்டினார்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் சாலையில் இருக்கும் எங்கள் குளிர்பதனக் கிடங்கில் மூன்று அறைகள். விவசாயிகளின் விதை உருளைக்கிழங்கு இரண்டாம் அறையில் இருக்கும். மூன்று டிகிரியில் கிடக்க வேண்டிய அந்த அறை, ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை கம்ப்ரசர் நின்று, பதினான்கு டிகிரிக்கு ஏறிவிட்டது. நாற்பத்திரண்டு மூட்டை அழுகியது. வெப்பம் கூடினால் குளிர்பதன இயந்திர இயக்குநரின் கைபேசிக்கு எச்சரிக்கை போகும், இயக்குநர் விஜயராணி, ஆகவே எச்சரிக்கையைக் கவனிக்காதது கடமையில் அலட்சியம். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் பணிநீக்கம். இதுதான் மெமோ.

"வந்தா கவனிச்சிருக்க மாட்டேனா? வரவே இல்லையே தம்பி" என்றார்.

அந்த எச்சரிக்கை ஏற்பாட்டை ஏப்ரலில் கணினியில் அமைத்தவன் நான்.

விஜயராணிக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா சிறு பையனாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இங்கே ஒரு காப்பித் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் ஓர் அறையில், இருபத்தாறு வருடம் இருந்தார்கள். அந்த அறை உங்களுக்குத்தான் என்று பழைய முதலாளி சொல்லியிருந்தாராம். தோட்டம் கைமாறியதும் புது ஆட்கள் காகிதம் கேட்டார்கள். காகிதம் இல்லை. மழைக்காலத்தில் பாத்திரம் பண்டங்களோடு வெளியே நின்றபோது இவருக்குப் பதினைந்து வயது. அதன்பிறகு திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. சேர்ந்து குளிர்சாதனப் பிரிவு படித்தார். முப்பது பேர் வகுப்பில் ஒரே பெண். கம்ப்ரசரின் சத்தத்தை வெளியில் நின்று கேட்டே கேஸ் குறைந்திருப்பதைச் சொல்வார். லீவு வேண்டுமென்றாலும் எழுதித்தான் கொடுப்பார், நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். மேலாளர் ஞானவேல் சாருக்கு அது எரிச்சல்.

நான் பக்கத்துக் கவுஞ்சி கிராமத்துக்காரன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, கணினி அறிவியல். கிடங்கில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏலே டிகிரி" என்பார் ஞானவேல் சார். அந்தப் பெயருக்கு நான் தகுதியானவனா என்ற கேள்வி அந்த வாரம் முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை காலை விஜயராணி ஜெனரேட்டர் நோட்டோடு என் மேசைக்கு வந்தார். கரண்ட் போகும்போதெல்லாம் வாட்ச்மேன் மொக்கைச்சாமி அண்ணன் நேரம் எழுதும் நோட்டு அது.

"சனிக்கெழம அஞ்சு இருவதுக்குக் கரண்ட் போயிருக்கு. அதுலதான் கம்ப்ரசர் நின்னிருக்கு, கரண்ட் வந்தும் திரும்ப ஓடல. அதே நேரத்துல உங்க கம்ப்யூட்டர் பொட்டியும் நின்னு எந்திரிச்சிருக்குமில்ல? அதுக்குப் பொறகு அது என்ன செஞ்சுச்சுன்னு பாருங்க."

பார்த்தேன். யு.பி.எஸ். பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஜெனரேட்டர் ஓடுவதற்குள் கணினி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. எழுந்த நிமிடத்திலிருந்து கணினியின் பதிவேட்டில் வரிவரியாக ஒரே வார்த்தை: மறுப்பு, மறுப்பு, மறுப்பு.

எங்கள் கணினியில் செலினக்ஸ் என்று ஒரு காவல் உண்டு. எந்த நிரல் எந்தக் கோப்பை, எந்தக் கருவியைத் தொடலாம் என்று அதற்குத் தனியாக விதி எழுதியிருக்கும். விதியில் இல்லாததைத் தொட்டால் தடுக்கும். நாம் எல்லோருக்கும் அனுமதி என்று திறந்துவிட்டிருந்தாலும் தடுக்கும். ஏப்ரலில், வெப்பத்தைக் கண்காணிக்கும் நிரல் குறுஞ்செய்தி அனுப்பும் மோடத்தைத் தொடப் போனபோது இந்தக் காவல்தான் தடுத்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, கருவி விற்ற கோயம்புத்தூர்க்காரருக்கு போன் செய்தேன். "அதை ஆஃப் பண்ணிவிடுங்க பாஸ், எல்லாரும் அப்படித்தான்" என்றார். ஒரே ஒரு வரி. செய்தி பறந்தது. ஞானவேல் சார் என் முதுகில் தட்டினார்.

அந்த ஒரு வரி, கணினி அணைந்து எழும்வரைதான் நிற்கும். எழுந்ததும் காவல் தானாகத் திரும்பிவிடும். இதைக் கல்லூரித் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு நானே எழுதியிருக்கிறேன்.

நோட்டை எண்ணினேன். ஏப்ரலுக்குப் பிறகு பதினொரு முறை கரண்ட் போயிருக்கிறது. முதல் முறையோடு எச்சரிக்கை செத்துவிட்டது. இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. கரண்ட் போனால்தான் கம்ப்ரசர் நிற்கும்; கரண்ட் போனால்தான் எச்சரிக்கையும் சாகும். தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஞானவேல் சாரிடம் சொன்னோம். யார் அணைத்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

"அப்ப அந்தக் காவலை ஒரேயடியா அணைச்சுப்போடு. வெரசா முடி, சோலி கெடக்கு."

அப்படியும் செய்யலாம். விஜயராணி என்னைப் பார்த்தார். "அதை எதுக்கு வச்சாங்க?"

"பொட்டி இன்டர்நெட்ல இருக்குக்கா. எவனாவது இந்த நிரல் வழியா உள்ள வந்தா, மத்த எதையும் தொடாம இருக்கத்தான்."

"மத்த எதையும்னா? கம்ப்ரசரையா?"

"கம்ப்ரசரை நிறுத்துற நிரலும் அதே பொட்டியிலதான் இருக்கு."

"அப்ப அணைக்க ஏலாது. அணைச்சு, நாளைக்கு மூணு ரூமும் நின்னா அதுக்கும் எனக்குத்தான் மெமோ வரும்."

ஞானவேல் சார் கையை உதறினார். "ஏலாது, ஏலாது! ஏம்மா, நீ பொறந்தது கொடைக்கானல்தானே?"

"ஆமா சார். அப்பா மாதிரி இலங்கையில பொறந்திருந்தா இதைவிட மோசமாப் பேசியிருப்பேன்."

அடுத்த ஒன்றரை நாள் என் வாழ்க்கையில் மறக்க முடியாத எரிச்சல். மோடத்தைத் திறக்க விதி எழுதினேன். திறந்தது, எழுதக் கூடாது என்றது. எழுத விதி கொடுத்தேன். வேகத்தை அமைக்கக் கூடாது என்றது. அதையும் கொடுத்தால் பூட்டுக் கோப்பு வைக்கக் கூடாது என்றது. ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்த மறுப்பு தெரியும். விஜயராணி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏழு" என்றார். "என்ன வேணும்னு மொத்தமாக் கேட்டுத் தொலைக்கச் சொல்லுங்க தம்பி, அந்தச் சனியன."

அதற்கும் வழி இருந்தது. காவல் முழுவதையும் அணைக்காமல், இந்த ஒரு நிரலை மட்டும் தடுக்காமல் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அப்படி ஓடவிட்டு, குறிப்புகளைத் திரட்டி விதியாக்கும் கருவியிடம் கொடுத்தேன். பத்தொன்பது வரி வந்தது. அப்படியே ஏற்றப் போனேன்.

"நில்லுங்க. ஒவ்வொண்ணா வாசிங்க."

வாசித்தேன். அலுப்போடுதான் வாசித்தேன். பதினான்காவது வரியில் நிறுத்தினார்.

"மெசேஜ் அனுப்புறவனுக்குக் கம்ப்ரசர்கிட்ட என்ன சோலி?"

கண்காணிப்பு நிரல் கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுதலாம் என்றது அந்த வரி. எங்கிருந்தோ நகலெடுத்து நான் ஒட்டிய துண்டு ஒன்று, தேவையில்லாமல் அந்தக் கோப்பை எழுதத் திறந்திருக்கிறது. மறுக்கப்பட்டது எதுவானாலும் அனுமதி போட்டுத் தருவதுதான் அந்தக் கருவியின் வேலை. நான் ஏற்றியிருந்தால், வாசலில் காவலாளியை நிற்கவைத்துவிட்டு, திருடனிடம் கம்ப்ரசரின் சாவியையும் கொடுத்த மாதிரி. வரியை அழித்தேன், நிரலையும் திருத்தினேன். மூன்று வருடம் படித்தவன் வாசிக்காமல் ஏற்றப் போனதை, கணினியே படிக்காதவர் வாசிக்கச் சொல்லிப் பிடித்தார்.

சனிக்கிழமை காலை விதிகளை ஏற்றிவிட்டு, நிரலையும் பழையபடி காவலுக்குள் கொண்டுவந்தேன். செய்தி போனது.

"கரண்ட் போய் வந்தாலும் நிக்குமா?"

"நிக்கணும்."

"நிக்கணுமா, நிக்குமா?"

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். ஞானவேல் சார் வாசலை மறித்தார். "ஓடுறதை எதுக்கும்மா புடுங்கணும்? மறுபடி எந்திரிக்கலேன்னா?"

"எந்திரிக்கலேன்னா இன்னைக்கே தெரியட்டும் சார். திங்கக்கெழம எனக்கு வேல இருக்கா இல்லையான்னு இதுலதான் இருக்கு" என்று அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், யு.பி.எஸ்.ஸை அணைத்தார். விசிறி நின்றது. பத்து எண்ணிவிட்டுப் போட்டார். காவல் எழுந்தது, கண்காணிப்பு எழுந்தது. இரண்டாம் அறைக்குள் போய் வெப்பமானியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். நான் வெளியே அவருடைய கைபேசியைப் பிடித்தபடி நின்றேன். சிக்னல் ஒரு கோடு. நான்கு நிமிடம். பிறகு கைபேசி அதிர்ந்தது: 'அறை 2: 9 டிகிரி.'

கதவைத் தட்டினேன். விறைத்த விரல்களை ஊதிக்கொண்டே வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "விளக்கம் எழுதுங்க தம்பி" என்றார்.

ஞானவேல் சார் எழுத வேண்டியதைச் சொன்னார்: "மின்தடையால் கோளாறுன்னு போட்டு முடி."

"அப்படிப் போட்டா, மின்தடைக்குப் பொறகு நீ ஏன் சோதிக்கலேன்னு என்னைத்தான் சார் கேப்பாங்க. காவலை யாரு, எப்ப, எப்படி அணைச்சாங்கன்னு எழுதணும்."

யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வியாழக்கிழமையே பதிவேட்டில் ஏப்ரல் தேதியையும் என் பெயரையும் திரையில் பார்த்திருப்பார், நான்தானே காட்டினேன். மூன்று நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பேனாவை நீட்டினார்.

வீட்டில் நான் மட்டும்தான் மாதச் சம்பளக்காரன் என்பது நினைவுக்கு வந்தது. அவர் வீட்டிலும் அவர் மட்டும்தான் என்பதும் வந்தது. எழுதினேன்: 'ஏப்ரல் 18 அன்று இதைத் தற்காலிகமாக அணைத்தவன் நான். நிரந்தரமாகச் சரிசெய்ததாகத் தவறாகத் தெரிவித்தவனும் நான். அதன்பின் வந்த முதல் மின்தடையிலிருந்து இயக்குநருக்கு எச்சரிக்கை ஒருமுறைகூடச் செல்லவில்லை.' கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை வாசித்து, நகல் எடுத்துக்கொண்டார்.

எனக்கு மெமோ இரண்டே நாளில் வந்தது. ஒரு வருட சம்பள உயர்வு நிறுத்தம். விஜயராணியின் மெமோவை ரத்துசெய்துவிட்டதாக ஞானவேல் சார் வாயால் சொன்னார். எழுத்தில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்பது மணிக்கு அவர் அறை வாசலில் விஜயராணி போய் நிற்கிறார்.

"அதான் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னேனேம்மா."

"சந்தோசம் சார். எழுதிக் குடுங்க."

இது எட்டாவது திங்கட்கிழமை.