லாரியிலிருந்து கழற்றிய பட்டை

எங்கள் வீட்டில் பலாப்பழம் வெட்டுகிற அரிவாள் ஒரு காலத்தில் மாமாவின் லாரியைத் தாங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகளில் அதுவும் ஒன்று. சீசனில் பண்ருட்டியிலிருந்து பழம் வந்து, அந்த அரிவாளை எடுத்து எண்ணெய் தடவும்போதெல்லாம் நான் மாமா கதையை ஆரம்பித்துவிடுவேன். என் மனைவிக்கு அது மனப்பாடம். அடுப்பில் வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

மாமா என் அக்காவின் கணவர். கடலூர் செம்மண்டலத்தில் வீடு. பழைய லாரி ஒன்றை வாங்கி, பண்ருட்டியிலிருந்து சிதம்பரத்துக்குப் பலாவும் முந்திரியும் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் எப்போதும் அக்கா இருப்பாள். கல்யாணமான புதிதில் அவர் அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வெளி மாநிலம் போய்விட, கதவைப் பார்த்தபடி தனியே உட்கார்ந்திருந்தது அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. சொந்த வண்டி வந்த அன்றைக்கு ஏறி உட்கார்ந்தவள்தான், யார் கேலி செய்தும் இறங்கவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் நல்ல அடி. உடம்பு குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். மாமா அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். வலி போயே போய்விட்டது என்று சாதித்து மறுபடியும் ஏறிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வண்டியின் பின்பக்கம் படுத்துவிட்டது. கடலூரில் பட்டை கட்டும் கடைக்கு மாமாவோடு நானும் போனேன். பழைய உயரத்துக்கே புதுப் பட்டை போடலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் தடித்த பட்டை ஒன்றைக் கூடுதலாக வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தலாம். "லோடு ஜாஸ்தி தாங்கும். ஆனா காலியா வந்தா தூக்கிப் போடும், பாத்துக்கங்க," என்றார் கடைக்காரர்.

"காலியா வர்றப்ப என்னா, நானும் அவளும்தானே. தடிப்பட்டையே போடுங்க," என்றார் மாமா. லாரிக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற தவறுதான். போகிற பாரத்தை வைத்துத்தான் பட்டை பார்ப்பார்கள். திரும்பி வருகிற வழி அவர்கள் கணக்கிலேயே வராது.

அதற்குப் பிறகு அக்காவுக்குத் திடீரென்று தரும சிந்தனை வந்துவிட்டது. சிதம்பரத்தில் பழத்தை இறக்கியதும், கடலூருக்குப் போகிற சாமான் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவாள். ஒருவருடைய நெல் மூட்டை, இன்னொருவர் வீட்டுக்குச் செங்கல், ஒரு சர்ச்சுக்கு ஜல்லி. வாடகை வேண்டாம் என்றும் சொல்லிவிடுவாள். மாமா தலையில் அடித்துக்கொள்வார். "உங்கக்கா என் வண்டிய தரும சத்திரமா ஆக்கிட்டா மச்சான்," என்று என்னிடம் புலம்புவார்.

ஒரு நாள் அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவள் பேசி வைத்திருந்த செங்கல்லை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வண்டியைக் காலியாகவே கிளப்பினார். சிதம்பரத்தில் ஒரு வேலையாக இருந்த நானும் கூடவே ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும் வண்டி துள்ளத் தொடங்கியது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு பள்ளமும் வருவதற்கு முன்பே எதிரே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, சீட்டிலிருந்து உடம்பைத் தூக்கிக்கொண்டாள். எங்கெங்கே பள்ளம் என்று அவளுக்கு மாமாவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. மாமா ஒருமுறை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னும் வலிக்குதா?"

"லோடு இருந்தா தெரியல. காலியா வந்தாதான்," என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் செங்கல்லா?"

அவள் தலையாட்டினாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வூட்லயே இருன்னுடுவீங்க."

மாமா வண்டியைத் திருப்பினார். மறுபடியும் சிதம்பரம் போய், அந்தச் செங்கல்லை ஏற்றிக்கொண்டுதான் வீடு வந்தோம். அந்த வாரமே தடிப்பட்டைகளைக் கழற்றிவிட்டார். வண்டி குள்ளமாகிவிட்டதே என்று பண்ருட்டி வியாபாரிகள் கேட்டதற்கு, "கொறச்சே ஏத்துங்க, போதும்," என்பதோடு சரி. கழற்றிய பட்டையைக் கொல்லரிடம் கொடுத்து அரிவாள் அடித்து எங்களுக்கு ஒன்று தந்தார். வண்டியை விற்கிற நாள்வரை அக்கா அவரோடு போய்க்கொண்டுதான் இருந்தாள்.

போன வருடம் மாமா தவறிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. வாசலில் அழுதுகொண்டிருந்த அக்கா, அவரை ஏற்றிய வண்டி கிளம்பும்போது என் கையைப் பிடித்து இழுத்தாள். "டிரைவர மெதுவா போவச் சொல்லுடா. ஒரு ஆளுதான் இருக்காரு. தூக்கித் தூக்கிப் போடும்," என்றாள். டிரைவரிடம் சொன்னேன். அதோடு மனசு கேட்காமல், பைக்கில் வர இருந்த உறவுக்காரர்களையும் கூப்பிட்டு, இடம் இருக்கிற மட்டும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டேன்.

இந்த வருடமும் பழம் வந்தது. அக்காவை வரச் சொல்லி, அரிவாளை அவளிடமே கொடுத்தேன். எண்ணெய் தடவியவள் உடனே வெட்டவில்லை. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல கனம்டா," என்றாள்.