இடுப்பில் பெட்டி, ஏணியில் ஆள்

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஷாக் வாங்கியதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவர். அப்பேர்ப்பட்ட மகாராஜாவுக்கு இடுப்பு வலி வந்து, பிசியோதெரபிஸ்ட் பெண் கரண்ட் வைக்கலாம் என்றதும் முகம் செத்துப்போனது.

அவள் இவர் முதுகில் பட்டைகளை ஒட்டுவதற்குள் எத்தனை வோல்ட், எர்த் இருக்கிறதா என்று பரீட்சையே வைத்துவிட்டார். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வேறு வைத்துப் பார்த்தார். எரியவில்லை. இதில் கரண்டே இல்லை என்று தீர்ப்பும் சொன்னார். அவள் பொறுமைசாலி. சின்ன பேட்டரிதான், தோல் வழியாக நரம்பைச் சீண்டும், அந்தக் குறுகுறுப்பு தண்டுவடத்துக்கு முந்திக்கொண்டு போனால் வலிக்கு மூளைவரை போக வழி கிடைக்காது என்றாள். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறோமே, அதே கதைதானாம். கரண்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழை அவர் கையிலேயே கொடுத்தாள். பத்தே நிமிஷத்தில் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மறுவாரமே அதே மாதிரி கரண்ட் பெட்டி ஒன்று வாங்கியாயிற்று. சீட்டுக்கட்டு அளவுதான். அதை இடுப்பில் செருகி, வயரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஃபியூஸ் ஏன் போனதென்று பார்க்காமல் தடிமனான கம்பியைச் சுற்றிவைக்கிற ஜனங்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர், தன் இடுப்புக்கு அதையேதான் செய்தார். சொல்லிப் பார்த்தேன். கரண்டைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்றார். ஆமாம், தினமும் தைலம் தேய்க்கிறவளுக்கு என்ன தெரியும்.

நேற்று எதிர்வீட்டு டீச்சர் ஓடிவந்தார். அவர் வீட்டு மாடிப்படி விளக்கை மாற்ற ஏறிய மனுஷன் ஏணி உச்சியிலேயே நிற்கிறாராம், எத்தனை கூப்பிட்டும் இறங்கவில்லையாம். போய்ப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கரண்ட் இழுத்துக் கொடுக்கிறவர் பெட்டியில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பேட்டரி கொண்டு வரவா, இல்ல அங்கேயே குடித்தனம் பண்றீங்களா?"

அவர் திரும்பவில்லை. "பேட்டரி வேணாம். இனிமே ஏணி ஏறவே கூடாதுன்னு அந்தப் பொண்ணு முதல் நாளே சொல்லிருச்சு. ஏணி ஏறலேன்னா நான் யாருடி?"

பாவி மனுஷன், இத்தனை நாளும் இதைத் தனியாகவா சுமந்தார். டீச்சரிடம் ஏணியைப் பிடிக்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். அவருடைய வலது காலைப் பிடித்துக் கீழ்ப்படியில் வைத்தேன். பிறகு இடது காலை.