ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தவர்

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர். ஒல்லியான ஆள். எவ்வளவு கழுவினாலும் இமையோரத்தில் கரித்தூள் மை தீட்டியிருக்கும்.

அன்று என் ஹார்ட் டிஸ்க்கில் பாதி ஃபைல்களைக் காணவில்லை. உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம். அவர் ஸ்க்ரூடிரைவர் முனையை அதன் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பெல்ட் உருளைகளையும் இப்படித்தான் கேட்பாராம்.

"எத்தினி தடவ போட்டுப் பாத்தீங்க சார்?"

"உயிர் இருக்கான்னு பயந்து, ஒரு இருபது தடவை."

"பயந்துகினு பாத்ததுலயே பாதி உயிரு போயிருக்கும். இன்னும் ஒரு ஃபோல்டர் தாங்கும். எத மொதல்ல எடுக்கறது?"

மிஞ்சியவை இரண்டு: மகளின் சின்ன வயதுப் படங்கள், பதினோரு வருடமாக நான் முடிக்காத நாவல். இரண்டுக்கும் வேறு பிரதி கிடையாது. மனைவி சமையலறையில் இருக்கிற தைரியத்தில், "நாவல்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தன் லேப்டாப்பில் இணைத்து எதையோ நகலெடுத்தார். அது முடிந்ததும் சத்தம் நின்றது. டிஸ்க் செத்துவிட்டது.

மனைவி ஓடிவந்தாள். "எதுங்க கெடைச்சுது?"

"பாப்பா போட்டோதாம்மா. சார் அதத்தான் மொதல்ல எடுக்கச் சொன்னாரு."

அவள் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபப்படவும் வழியில்லை, நன்றி சொல்லவும் வாயில்லை.

என்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஷிஃப்ட் முடிந்து அவர் வருவதைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறேன். அவரும் மரத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்.