முள்ளெலி சொன்ன பார்ம்

இப்போது சொல்லப்போவது அத்தனையும் உண்மை. பெரில் கிரிம்ஷாவைப் பற்றிப் பொய் சொல்ல போல்டனில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், காதும் நன்றாகக் கேட்கிறது. அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன், அதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறுநூறு என்று என் வாயில் வந்தால் நீங்களே பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வகுத்தல் வராது. அதைச் சொல்லிக்கொடுத்த வாரம் நான் பள்ளிக்கே போகவில்லை.

நம் கிளப்பில் பந்து உருட்டி விளையாடுகிற புல்தரை மழையில் குளமாகிக் கிடக்கிறது. கெட்டில் கொதிக்க நேரமிருக்கிறது. அந்தத் தட்டில் ஹாம் இறைச்சி வைத்து மூடியிருக்கும் ரொட்டிகளை யாரும் தொடாமல் இருந்தால், கதையை ஒழுங்காகச் சொல்லி முடிப்பேன்.

பெரிலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நம் பழைய நூற்பாலையில் தள்ளுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். நூல் நூற்பது என்றோ நின்றுபோய், மாடிக்கு ஒரு வாடகைக்காரர் இருந்த காலம். முதல் மாடியில் குளியலறைத் திரை தைத்தார்கள், இரண்டாவதில் கூரியர் வைத்திருந்தார்கள், மூன்றாவதில் பொம்மைப் படம் எடுத்தார்கள். காலை பத்து மணிக்கு டீயும், வெண்ணெய் தடவிய பார்மும் ஏற்றிக்கொண்டு வருவாள். உள்ளங்கை அகல ரொட்டி, பஞ்சு மாதிரி, மேலே மாவு தூவியிருக்கும். "பார்ம்!" என்று கீழே அவள் ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது மாடிக் கண்ணாடி அதிரும். மான்செஸ்டரில் இரண்டு பேர் கை தூக்கி "எனக்கொண்ணு" என்றதாகக் கேள்வி.

மூன்றாவது மாடியில் எடுத்தது 'குளக்கரைக் கூட்டம்' என்று ஒரு தொடர். இன்னும் பள்ளியில் சேராத பொடிசுகளுக்காக. எதற்கெடுத்தாலும் கவலைப்படும் ஒரு வாத்து, புளுகிக்கொண்டே திரியும் ஒரு நீர் எலி, அப்புறம் நெட்டில் என்று ஒரு முள்ளெலி. வாத்துக்கும் எலிக்கும் குரல் கிடைத்துவிட்டது. முள்ளெலிக்குத்தான் கிடைக்கவில்லை. வந்த நடிகர்கள் பேசினால் முள்ளெலி வங்கி மேலாளர் மாதிரி இருந்தது. ஒருநாள் பெரிலின் வண்டிச் சக்கரம் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவள் சக்கரத்தைத் திட்டினாள். பொம்மைகளை அசைத்துப் படமெடுக்கும் ஹேஸல் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பெரில், அப்படியே இன்னொரு தடவ திட்டுங்க!"

"ஏன் கண்ணு, சக்கரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்றைக்கே நெட்டில் பெரிலின் குரலில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அந்தத் தொழிலில் குரல்தான் முதலில். அதைக் கேட்டுக் கேட்டு, நகம் அளவு வாய்களை ஒவ்வொன்றாக பொம்மைக்கு மாட்டி ஹேஸல் படமெடுப்பாள். நாள் முழுக்க முதுகு ஒடிந்தால் பத்து நொடி படம் தேறும். பிக்னிக் கதையில் நெட்டில் கூடையைத் திறந்து, "யாருக்கு ரோல் வேணும்?" என்று கேட்க வேண்டும், காகிதத்தில் அந்த ரொட்டிக்கு லண்டன் பெயர்தான் இருந்தது. பெரில், "யாருக்கு பார்ம் வேணும்?" என்றாள். ஒலிப்பதிவு செய்தவன் போல்டன்காரன், ஹேஸலும் போல்டன்காரி. ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. பதினொரு நாள் உட்கார்ந்து ஹேஸல் அந்தக் காட்சியை எடுத்து முடித்தாள்.

பிறகுதான் தயாரிப்பாளர் ஜூலியன் லண்டனிலிருந்து வந்து படத்தைப் பார்த்தான்.

"இப்ப என்ன சொல்லுச்சு அது? பாமா? தலைவலிக்குத் தடவுறதா? அதை எதுக்கு பிக்னிக்ல குடுக்குது?"

"தடவுறது இல்ல, திங்கிறது கண்ணு," என்றாள் பெரில். "தலைவலி உனக்கு இனிமேதான்."

ஜூலியன் நல்ல பையன்தான். மரியாதையாகவே கேட்டான். "நாடு முழுக்கக் குழந்தைங்க பாக்குற படம், பெரில். ஒரே ஒரு வார்த்தை. ரோல். சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"போல்டன் முள்ளெலி பார்ம்னுதான் சொல்லும்."

"முள்ளெலி எந்த ஊர்னு எங்கயும் எழுதல."

"வாயத் தொறந்தாலே தெரியுதே!"

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெரிலுக்கு ஒன்பது வயதில், பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்கள். அவள்தான் வானதூதர். ஒத்திகையில் வாயைத் திறந்ததும் ஆசிரியை, "வானதூதர் இந்த மாதிரியெல்லாம் பேச மாட்டார்" என்று சொல்லி, இறக்கைகளைக் கழற்றி வேறொருத்திக்கு மாட்டிவிட்டார். பெரிலுக்கு, இரண்டு பேர் கோணிக்குள் புகுந்து நடிக்கிற கழுதையின் பின்பாதியைக் கொடுத்தார்கள். பின்பாதிக்கு வசனம் கிடையாது. நாடகம் முழுக்கக் கோணிக்குள் குனிந்து நின்றவள், இனி எவனுக்காகவும் வாயை மாற்றுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினாள். நாற்பத்து மூன்று வருடம் கழித்து அவளுக்கு ஒரு மிருகத்தின் முன்பாதி கிடைத்திருக்கிறது. விடுவாளா?

ஒலிப்பதிவு அறையில் அவளை உட்கார வைத்தார்கள். நானூறு தடவை எடுத்தார்கள். நானூறு தடவையும் பார்ம்தான் வந்தது. கடைசியில் ஜூலியன் லண்டனிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தான். தங்கமான பெண், பெரில் கொடுத்த பார்மில் இரண்டைத் தின்றுவிட்டு, தேன் மாதிரி "ரோல்" என்றாள். படத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். நெட்டில் ஈயை விழுங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"பா-ன்னா உதடு ஒட்டும், ம்-ன்னா மறுபடி ஒட்டும்," என்று ஹேஸல் விளக்கினாள். "ரோல்னு முடிச்சா வாய் தொறந்தே கெடக்கும். நான் மூடி வச்சிருக்கேன். மாத்தணும்னா மறுபடியும் பதினொரு நாள்."

ஜூலியன் தலையைப் பிடித்துக்கொண்டான். தலைவலி வந்தேவிட்டது. பிறகு சொன்னான்: "வெள்ளிக்கிழமை கில்ட்ஃபர்ட்ல ஒரு நர்சரியில இதப் போட்டுப் பாக்கப் போறேன். அங்க ஒரு குழந்தைக்காவது பார்ம்னா என்னன்னு புரிஞ்சா இப்படியே இருக்கட்டும். புரியலன்னா மறுபடி எடுக்குறோம். நெட்டிலுக்கு இனிமே வேற குரல்."

கில்ட்ஃபர்ட் லண்டனுக்கும் தெற்கே இருக்கிறது. அங்கே பார்ம் என்றால் ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்து முகவரி கேட்பார்கள். ஹேஸலுக்கு முகம் வாடிவிட்டது. பெரில் மட்டும், "ஒண்ணு போதுமா?" என்றாள். "ஒண்ணு போதும்." "வாக்கு மாற மாட்டியே?" "மாட்டேன்."

நர்சரி எந்தத் தெரு என்று ஹேஸலிடம் கேட்டு ரொட்டிப் பையிலேயே எழுதி வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை பெரில் அறுநூறு பார்மோடு பஸ் ஏறினாள். (வகுத்துக்கொள்ளுங்கள்.) மடியில் ஒரு கூடை, காலடியில் ஒரு கூடை. பக்கத்து இருக்கைக்காரன் பர்மிங்ஹாம் வரைக்கும் மோப்பம் பிடித்துவிட்டு மெல்லக் கையை நீட்டினான். புறங்கையில் ஒரு அடி போட்டாள். மூன்று மணிக்கு கில்ட்ஃபர்ட் நர்சரி வாசலில், ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது, எதுக்கு?" என்றாள் ஒரு அம்மா, சந்தேகமாக.

"சும்மாதான் தங்கம். வெண்ணெ தடவுனது. ஆனா பேரச் சொன்னாத்தான் குடுப்பேன். இது என்ன? பா...ர்ம்!"

பசித்த வயிற்றுக்கு எந்த மொழியும் வரும். ஐந்து நிமிடத்தில் கில்ட்ஃபர்ட் தெருவே "பார்ம், பார்ம்" என்று கத்தியது. ஒரு குழந்தை போதும் என்றிருந்தது, இருபது தேறிவிட்டது. இருபத்தொன்றாவதாக வந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண். பெயர் இமோஜன், நான்கு வயது, பெரிலின் இடுப்பு உயரம்கூட இல்லை.

"இது என்ன கண்ணு?"

"ரோல்."

"பார்ம்."

"ரோல். எங்க வீட்ல ரோல்தான்."

"அப்ப உனக்குக் கிடையாது."

அந்தப் பெண் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றது. மற்றதெல்லாம் வாய் நிறைய மென்றுகொண்டிருக்க, இது எச்சிலை விழுங்கிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அசையாமல் நின்றது. பெரில் அந்த உதட்டைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த உதடு. கோணிக்குள்ளே, கழுதைக்குள்ளே தானே இறுக்கிக்கொண்டிருந்த உதடு. இறக்கையைக் கழற்றுகிற கையாக இப்போது தன் கை இருப்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று.

கூடைக்குள் கை விட்டு இரண்டை எடுத்தாள்.

"இந்தா தங்கம். உன் ரோல்."

இதை நான் இழுக்கவில்லை. ஜூலியன் நானூறு தடவை கேட்டும் வராத வார்த்தை, அந்தக் கண்ணாடிக்காரிக்காக ஒரே தடவை வந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் திரும்பி மறுபடி "பார்ம்!" என்றாள், அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை ஜூலியன் படத்தைப் போட்டான். நெட்டில் கூடையைத் திறந்தாள், பேச வாயைத் திறப்பதற்குள் இருபது பொடிசுகளும் எழுந்து நின்று "பார்ம்!" என்று கத்தின. பின்வரிசையிலிருந்து ஒற்றைக் குரல், "ரோல்!" என்றது. ஒன்று இமோஜனைத் தள்ளியது. இமோஜன் அதன் காலை மிதித்தாள். பார்ம் கட்சி, ரோல் கட்சி என்று அறை இரண்டாகிவிட்டது. ஒரு குழந்தைகூடத் திரையைவிட்டு நகரவில்லை, அடித்துக்கொண்டே பார்த்தன. அப்போது ஒன்று ஜூலியனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "வெண்ணெ எங்க?" என்று கேட்டது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வண்டி மூன்றாவது மாடிக்கு வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தான்.

"இது ஏமாத்து, பெரில்."

"ஒரு குழந்தைக்குப் புரியணும்னுதான சொன்ன? எப்படிப் புரியணும்னு சொல்லலியே."

ஜூலியன் கையை நீட்டினான். "சரி. எனக்கு ஒரு பார்ம்."

ஒன்பது வருடம் நெட்டில் அந்தக் குரலில்தான் பேசினாள். நம் ஊர் வார்த்தையை நாடு முழுக்கக் கேட்க வைத்தவள் பெரில் கிரிம்ஷா. அவ்வளவுதான் கதை. கெட்டில் கொதித்துவிட்டது, இனி அந்தத் தட்டைத் திறக்கலாம்.

"கதையெல்லாம் ஜோர்," என்றான் ஓல்டம்காரன் நார்மன், தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி. "ஆனா இது மஃபின்."

"மஃபினா? அது கேக்குய்யா!" என்றாள் மேவிஸ். "எங்க நாட்டிங்ஹாம்ல இது காப்."

"காப்பாம்! உங்க ஊர்ல சோளக்கதிரக் கூடத்தான் காப்ங்கிறீங்க. ஹாம் எங்க வப்பீங்க, கதிருக்குள்ளயா?" என்றான் நார்மன்.

"கவென்ட்ரில இதுக்குப் பேரு பேட்ச்," என்று மூலையில் ஒரு குரல் எழுந்தது.

"உன்ன யாரு கேட்டா? நேத்து வந்து சேந்த உறுப்பினர் நீ!"

"இந்த ஊர்ல நின்னுகிட்டு பார்ம் இல்லங்குறியா? வெளிய வாடா!"

"மழை பெய்யுது!"

"பெய்யட்டும், வா! ஏய் நார்மன், கையில என்ன அது? பந்தைக் கீழ வை. நார்மன், மொதல்ல அந்தப் பந்தைக் கீழ வை!"