திருப்பி அனுப்பிய ரத்தம்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வைத்திருக்கும் பெயர் ‘திருப்பி அக்கா’. வருகிற ரத்தத்தில் கொஞ்சம் கோளாறு தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். பால் லேசாக வாடை அடித்தால் போதும், யாரையும் கேட்காமல் கொட்டிவிடுவாள். நானோ பஸ் கண்டக்டர், வாய் ஓயாத ஆள். எப்படித்தான் இத்தனை வருஷம் தள்ளினோமோ!

என் தங்கைக்குப் பிறந்த பையன் அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றி மூச்சு முட்டியிருந்தது. மூளை மேலும் கெடாமலிருக்க அவனைக் குளிரூட்டும் மெத்தையில் போட்டார்கள். மூளையில் அடி எவ்வளவு என்று தெரிய ரத்தம் எடுத்து என் மனைவியின் லேபுக்கு அனுப்பினார்கள். மூளை செல் கெட்டால் அதிலிருக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம். அளவு ஏற ஏற ஆபத்தாம்.

நானும் அம்மாவும் லேப் வாசலில் தவம் கிடந்தோம். வெளியே வந்த என் மனைவி, “அந்த ரத்தத்தைக் கொட்டிட்டேன். வேற எடுக்கச் சொல்லியிருக்கேன்” என்றாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, பச்சை மண்ணுடி அது! இருக்கிறதே ரெண்டு சொட்டு ரத்தம்!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உனக்கு மனசாட்சியே கிடையாதா? வீட்டுப் பாலுன்னு நெனச்சியா?”

“கத்தாதீங்க. உடம்பு குளிர்ந்து ரத்தம் சரியா வரலைன்னு குதிகாலைப் பிழிஞ்சு எடுத்திருக்காங்க. மெஷின்ல சுத்தவிட்டா மேல மஞ்சளா நிக்க வேண்டிய தண்ணி சிவப்பா நிக்குது. சிவப்பணு உடைஞ்சா அதுலேர்ந்தும் அதே புரதம் வரும். அளவு பொய்யா ஏறிடும். அதை வெச்சு டாக்டர் உங்க தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்லுவார்?”

நான் அம்மாவைக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

இந்த முறை நரம்பிலிருந்து எடுத்தார்கள். முடிவை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தவள் முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. அம்மா கெஞ்சியும், “டாக்டர் சொல்லுவார் அத்தை” என்பதோடு சரி. கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

டாக்டர் தங்கையிடம் வந்தார். “அடி இருக்கும்மா. ஆனா நாங்க பயந்த அளவுக்கு இல்ல. ஸ்கேனும் பார்த்துடலாம். நம்பிக்கையா இருங்க.”

தங்கை வாய்விட்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

படியிறங்கும்போது மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். “அந்த முதல் ரத்தத்துல எவ்வளவு வந்திருக்கும்?”

“அளவு பார்க்குற மெஷின்ல போடவே இல்ல.”

“சும்மா போட்டுப் பார்த்திருக்கலாமே?”

“பார்த்திருந்தா, பொய்னு தெரிஞ்சும் நான் நம்பியிருப்பேன்” என்றாள். கைப்பிடியைப் பிடித்தபடி அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.