ஒரே கடிதம், எல்லா வீட்டுக்கும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தம்பலகாமத்தில் உழவு, மூதூரில் லொறி என்று அலைந்து, சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் வயர் இழுக்கச் சேர்ந்தேன். அங்கேதான் ஈச்சிலம்பற்று என்ற ஊரைச் சேர்ந்த ஓர் அக்கா வந்தார். ஷெல்லடியில் ஊரை விட்டுப் பிள்ளைகளோடு அகதி முகாமில் இருந்தார். கட்டாரில் வேலை செய்த கணவர் லீவில் வரவிருந்தார். ஊருக்குப் போக வேண்டாம், அங்கே நாங்கள் இல்லை என்று காசுக்குத் தொலைபேசியும் மின்னஞ்சலும் தரும் கொமியூனிகேஷன் கடை ஒன்றிலிருந்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பதில் வரவில்லை.

வந்திருந்தது. அந்தக் கடைக்கு மின்னஞ்சல் எங்கள் நிறுவனம் வழியாகத்தான் போகும்; நாங்கள்தான் மறித்து வைத்திருந்தோம். கட்டாரிலிருந்த அவ்வூர் ஆண்களில் ஒருவருக்குத்தான் கணினி தெரியும். எல்லாருடைய சேதியையும் ஒரே கடிதமாக எழுதி, அவரவர் வீட்டார் போகும் கடைகளுக்கெல்லாம் ஒரே தடவையில் அனுப்புவார். லொத்தர்ப் பரிசு விழுந்ததென்று ஏய்க்கும் குப்பை அஞ்சல்களும் அப்படித்தான் வரும். இரண்டு வகையையும் எங்கள் கணினி ஒன்றாகத் தடுத்துவிட்டது.

"திறந்து பாத்துச் சொல்லுங்கோ தம்பி," என்றார் அக்கா.

நான் திறக்கப் போனேன். முதலாளி தடுத்தார்.

"குப்பையை மறிக்கிறதுக்குக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுத் தந்தவர். வாசிக்கிறதுக்கு ஆர் தந்தது? நாளைக்குக் கேஸ் எண்டா நீயோ போவாய்?"

"மனுசன்ர உயிரைப் பற்றிக் கேக்கிறன். நீங்கள் கேஸ் கதைக்கிறீங்கள்," என்றார் அக்கா.

முதலாளியின் பயமும் பொய்யில்லை. பிறர் கடிதத்தை வாசிக்கும் இடம் என்று பெயர் வந்தால், அந்தக் காலத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். மின்னஞ்சல் முகவரி கடைக்காரரின் பெயரில் இருந்தது. அவர் கேட்டால் விடலாம் என்றார் முதலாளி. நான் சைக்கிளில் போய் அவரை ஏற்றி வந்தேன்.

"குப்பையை மறியுங்கோ எண்டுதான் சொன்னனான். சனத்தின்ர கடிதத்தையுமோ?" என்று கடைக்காரர் கத்தினார்.

"மெசினுக்கு வித்தியாசம் பிடிக்க ஏலாது," என்றார் முதலாளி.

"உங்களுக்கு வாய் இருக்குத்தானே? மறிச்சதையாவது சொல்லியிருக்கலாம்."

முதலாளி ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். கடைக்காரர் கையெழுத்திட்டதும் கடிதத்தை விடுவித்து அங்கேயே அச்செடுத்தோம். நடுவில் கணவரின் வரி இருந்தது: "உங்கட கடிதம் கிடைச்சது. டிக்கெட்டை மாத்திப்போட்டன். டவுனிலேயே இருங்கோ."

அக்கா கதிரையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு தாளை மடித்தார்.

"அதில மற்ற ஆக்களின்ர கதையும் கிடக்கு..." என்று முதலாளி தொடங்கினார்.

"ஓம். அவையளும் முகாமில பதில் பாத்துக்கொண்டு இருக்கினம்," என்று சொல்லிவிட்டு அக்கா தாளோடு எழுந்து நடந்தார்.