நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கங்கள்

சுதந்திரம் வந்த புதிது. கல்யாணமாகி ஓராண்டுக்குள் எங்களை வேறு வைத்தார்கள். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் அது வழக்கம். வீடு ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனி. அடுத்த மாதமே அவர் பினாங்குக் கடைக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு கணக்கு, அதாவது ஒரு தவணை வேலை என்றால் மூன்று வருடம். அதன்பின் நானே பொங்கி நானே தின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் தாளிக்கும் சத்தம் கேட்கும். அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளுக்கு உலை வைப்பதைப்போல எரிச்சலான வேலை வேறில்லை.

போகும்போது அவர் ஒரு நாவலைக் கொடுத்தார். அயல்தேசத்துப் பழைய நாவல், தமிழில் நான்கு தடித்த பாகங்கள்.

“நீ இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் வந்துருவேன்” என்றார்.

எட்டாவது படித்தவள்மேல் அவருக்கு அவ்வளவுதான் மதிப்பு. முதல் பாகத்தை ரோஷத்திலேயே முடித்தேன். வாயில் நுழையாத பெயர்கள். ஆனாலும் போகப்போக அந்த ஜனங்கள் என் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நான்காம் பாகம் பாதி தாண்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. இது தீர்ந்தால் நான் யாரோடு இருப்பது? அவர் வருமுன் முடித்துவிட்டால் அவர் வரவே மாட்டார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வேறு. நாளுக்கு ஒரு பக்கமாகக் குறைத்தேன். பிறகு அதுவும் அரைப் பக்கமாயிற்று.

கணக்கு முடிகிற சமயத்தில் பினாங்கிலிருந்து வந்த உறவுக்காரர், அவர் இன்னொரு கணக்கும் இருந்துவிட்டுத்தான் வருவார் என்று சொல்லிப்போனார். அன்று பகலிலேயே மிச்சத்தை ஒரே மூச்சில் படித்தேன். சோறு தீய்ந்தது. நாற்றம் பிடித்து மாமியார் வந்தார். அழுதுகொண்டிருந்த நான், கதை முடிந்துவிட்டது என்றேன். அவரும் அந்தச் செய்தியைக் கேட்டிருந்தவர்தான். கரிந்த பானையில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் கணக்கும் முடிந்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. அடுப்படியில் மூன்றாம் பாகம் விரித்தபடி கிடப்பதைப் பார்த்தார்.

“இன்னும் முடிக்கலையா?”

“இல்லீங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“பாத்தியா, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அதை மூன்றாம் தடவையாகப் படிக்கிறேன் என்று சொல்லவில்லை. உலை வைக்கப் போனேன். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.